மூணாவது நகல்

வேண்டாமுங்க சார், மேல வெக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். இந்த டிரைவரு போடற பிரேக்குக்கு மேல இருந்து யாரு தலையிலயாச்சும் விழுகும். தலைன்னாக்கூட தையல் போட்டுக்கலாம், இது போச்சுன்னா போச்சுங்க. கண்டக்டரு பாத்துட்டு, "என்னங்க பெரியவரே, மிக்ஸியா?"ங்கறாரு. மிக்ஸியாமா! நல்லா இருக்குது போங்க.

நாஸுங்க சார் இது. கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? சேரி, விடுங்க, ஒரு வருசத்துக்கு முன்னால எனக்கும் தெரியாது. போட்டோ, வீடியோ, பத்திரம், பொண்ணோட மார்க் சீட்டு, எல்லாத்தையும் நம்ம ஊட்டுலயே சேத்தி வெக்கற பொட்டி. உள்ள ரெண்டு டிஸ்க் இருக்கும். நெட்டு ஒயரைச் சொருகிட்டா, ஊட்டுல இருக்கற எல்லாரும் அவங்கவங்க போன்லயே எடுத்துப் பாத்துக்கலாம். நம்ம பொருளு, நம்ம ஊட்டுல, நம்ம கரண்ட்டுல. ஒருத்தன்கிட்டப் போயி வாடகைக்கு எடம் கேக்க வேண்டியதில்லை.

உடுமலைக்குத்தானுங்க போறேன். நீங்களும் அங்கதானா? நல்லதாப் போச்சு. அங்க என்ற தம்பி ஊடு. நாச்சிமுத்துன்னு பேரு. இந்தப் பொட்டியை அவன் ஊட்டுல வெக்கறதுக்குத்தான் போறேன். அவன்கூடப் பேசி ஏழு வருசம் ஆச்சுங்க. ஆமா, ஏழு வருசம். புது ஊடு கட்டி நாலு வருசமாச்சு, நான் அதைப் பாத்ததுகூட இல்லை. இன்னைக்கு வர்றேன்னும் சொல்லலை. கதவைத் திறந்தான்னா பொட்டியை வெச்சு ஒயரைச் சொருகீட்டு வந்துருவேன். திறக்கலைன்னா அடுத்த பஸ்ஸைப் புடிச்சு பெருந்துறைக்கே போயிருவேன். எனக்கென்னங்க? இது முழுக்க முழுக்க டெக்னிக்கலான விசயம். நீங்க வேற மாதிரி நினைச்சுக்காதீங்க.

சிரிக்கறீங்க. எங்கூட்டம்மாவும் இப்படித்தான் சிரிச்சா.

நான் யாருன்னே சொல்லலை பாருங்க. சென்னியப்பனுங்க. பால் சொசைட்டியில முப்பத்தோரு வருசம் பரிசோதனை பாத்து ரிட்டையர்டு ஆனவன். லாக்டோமீட்டரைப் போடறதெல்லாம் ஒரு சடங்குக்குத்தான். கேன்ல இருந்து பாலு விழுகற சத்தத்தை வெச்சே இதுல எத்தனை தண்ணின்னு சொல்லீருவேன். ஊருக்குள்ள என்னைப் பாத்தா ரோட்டை மாத்திப் போவாங்க. பழக்க தோசமுங்க, எதையும் பரீட்சை பண்ணாம ஊட்டுக்குள்ள விட மாட்டேன். கத்திரிக்காய்கூட.

போன ஆடி மாசம் என்ற பொண்ணு, ரேணுகா, பெங்களூர்ல இருக்கறா, அவ போன் பண்ணி, "அப்பா, என்ற கல்யாண போட்டோ ஒண்ணு வேணும், ஆல்பத்துல இல்லாதது, டிஸ்க்ல இருந்து அனுப்புங்க"ன்னா. கல்யாணத்துக்கு போட்டோ எடுத்தவரு பதினோராயிரம் போட்டோவை ஒரு டிஸ்க்ல போட்டுக் கொடுத்தாரு சார். ஆல்பத்துல முந்நூறுதான். மிச்சம் பத்தாயிரத்துச் சொச்சத்தை யாரு பாத்தா? அப்படியே பீரோவுல கெடந்துச்சு. எடுத்துச் சொருகுனா, டொக்கு டொக்குன்னு சத்தம். பல்லி கத்தற மாதிரி. எனக்கு அந்தச் சத்தத்துலயே தெரிஞ்சு போச்சு, ஆளு படுத்துட்டான்னு. போட்டோக்காரருகிட்டக் கேட்டா, "ரெண்டு வருசத்துக்கு மேல நாங்க வெச்சிருக்க மாட்டோமுங்களே"ங்கறாரு.

ஈரோட்டுல கோகிலவாணின்னு ஒரு அம்மா, கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வெச்சிருக்காங்க. கெட்டிக்கார அம்மா, ஆனா வாய் மட்டும் வெட்டுக்கத்தி. அவங்கதான் நாலு நாள் மெனக்கெட்டு பதினோராயிரத்தையும் மீட்டுக் கொடுத்தாங்க. கொடுத்துட்டு, "இந்தத் தடவை தப்பிச்சீங்க. போயி ஒழுங்கா ஒரு நாஸ் வாங்கி வெய்யுங்க"ன்னாங்க. அன்னைக்குப் புடிச்சதுங்க சனி.

எட்டு மாசம் சார். எட்டு மாசம் ஆராய்ச்சி பண்ணுனேன். சும்மா இல்லை. நோட்டுப் போட்டு, கோடு போட்டு, பத்தொம்பது பொட்டியை எழுதி, ஒவ்வொண்ணுக்கும் மார்க்குப் போட்டு. ரெண்டு டிஸ்க் போடறதா, நாலு டிஸ்க் போடறதா? மெமரி எத்தனை? விசிறி எத்தனை சத்தம் போடும்? கோகிலவாணி கடைக்கு மட்டும் பதினாலு தடவை போயிருப்பேன். டிஸ்க்கை ஓட விட்டு காதை வெச்சுக் கேப்பேன். "ஏனுங்க, என்ன அதோட நாடியவா பாக்கறீங்க?"ன்னு அந்தம்மா கேப்பாங்க. கேக்கட்டும். பரீட்சைன்னா பரீட்சைதான்.

எங்கூட்டம்மா, பூங்கொடின்னு பேரு, அவளுக்குப் பொறுக்கலை. "நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட மூணு மாசத்துல முடிச்சீங்க. ஒரு பொட்டிக்கு எட்டு மாசமா?"ங்கறா. நான் சொன்னேன், "அடியே, மாப்பிள்ளை சரியில்லைன்னா பேசித் தீத்துக்கலாம். டிஸ்க் சரியில்லைன்னா யாருகிட்டப் பேசறது?" மாப்பிள்ளை தங்கமுங்க, அது வேற விசயம். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

அட, பொட்டியைக்கூட வாங்கிரலாமுங்க. அதுக்குள்ள ஓடற சாப்ட்வேரு இருக்குது பாருங்க, அதுதான் பெரிய கூத்து. பொட்டியோடயே வர்ற சாப்ட்வேரு ஒண்ணு. இல்லைன்னா, பழைய கம்ப்யூட்டரை எடுத்து அதுலயே இலவச சாப்ட்வேரைப் போட்டுக்கறது. இலவசம்னதும் நான் சபலப்பட்டுட்டேன். சொசைட்டியில ஏலத்துல எடுத்த கம்ப்யூட்டர் ஒண்ணு மாடியில கெடந்துச்சு. அதுல போட்டேன். நாப்பது நாளு நானும் அதுவும் மல்லுக்கட்டுனோம். கருப்புத் திரை வரும், வெள்ளை எழுத்து வரும், நான் ஒண்ணு அடிப்பேன், அது ஒண்ணு சொல்லும். ஆனா ஓட வெச்சுட்டேனே! ஓடுச்சு. பாதுகாப்பு வேணுமல்லங்க, ஆளுக்கொரு பாஸ்வேர்டு போட்டேன். பதினேழு எழுத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பரு, நடுவுல ஒரு நட்சத்திரம்.

ஒரு நாளு சிவன்மலைக் கோயில்ல இருந்து எங்கூட்டம்மா போன் பண்றா. யாருகிட்டயோ பேரன் போட்டோ காட்டலாம்னு திறந்தா, பாஸ்வேர்டு தப்புன்னு மூணு தடவை சொல்லி வெளிய தள்ளீருச்சாம். வந்தா பாருங்க அன்னைக்கு ஊட்டுக்கு! "என்ற பேரனை நான் பாக்கறதுக்கு உங்ககிட்ட மனு எழுதிக் கொடுக்கோணுமா? தாசில்தார் ஆபீஸா இது?"ன்னா. நியாயமான கேள்விதான். ஆனா நான் ஒத்துக்கலை. அடுத்த வாரமே, சும்மா யோசனை பண்ணிப் பாத்ததுல எனக்கே தோணுச்சுன்னு சொல்லி, ரெண்டு டிஸ்க் போடற பொட்டியை வாங்கீட்டேன். அதோட சாப்ட்வேரே அதுல இருக்குது. பொத்தானை அமுத்துனா போட்டோ வரும். அவ போன்ல பாஸ்வேர்டே கேக்காது. அவ சொன்னதுக்காக இல்லீங்க. நோட்டுல மார்க்கு அதுக்குத்தான் எச்சா வந்துச்சு.

வந்த மூணாவது நாளு பொட்டி கூவ ஆரம்பிச்சிருச்சு. பீப், பீப், பீப். டிஸ்க் போச்சு, எட்டு மாச உழைப்பு போச்சுன்னு பொட்டியை அப்படியே தூக்கிக்கிட்டு ஈரோட்டுக்கு ஓடுனேன். கோகிலவாணி பாத்தாங்க. பாத்துட்டு, மேல இருந்த உறையைக் கழட்டி டேபிள் மேல வெச்சாங்க. எங்கூட்டம்மா தெச்சதுங்க. டிவிக்கு, பிரிட்ஜுக்கு, வாசிங் மெசினுக்கெல்லாம் உறை தெச்ச கையி சும்மா இருக்குமா? பொட்டிக்கும் பூப்போட்ட துணியில, ஓரத்துல சுருக்கம் வெச்சு, அளவெடுத்துத் தெச்சுப் போட்டுட்டா. காத்துப் போக வழியில்லாம பொட்டிக்குக் காச்சல் வந்திருச்சு. "எல்லாப் பரீட்சையும் பண்ணுனீங்களே, சட்டையைக் கழட்டிப் பாத்தீங்களா?"ன்னாங்க அந்தம்மா. உறை அழகா இருந்துச்சுங்க, நானே நல்லா இருக்குதுன்னு சொல்லியிருந்தேன்.

அப்பறம்தானுங்க அந்த முகம் பாக்கற சாப்ட்வேரு. கோகிலவாணிதான் போட்டுக் கொடுத்தாங்க. எல்லா போட்டோவையும் அதுவே ஒவ்வொண்ணாப் பாத்து, இது இன்னாரு, இது இன்னாருன்னு பிரிச்சு வெக்கும். பேரு தெரியாது அதுக்கு, முகத்தை மட்டும் சேத்தி வெக்கும். நாம பேரு போடோணும். ஒம்பது நாளு ஓடுச்சுங்க. பத்தாவது நாளு திறந்து பாத்தா, எல்லாருக்கும் மேல, முதல் எடத்துல யாருங்கறீங்க? நான்! ஆயிரத்து முந்நூறு போட்டோ. கல்யாணப் பொண்ணுக்கே ஆயிரத்து நூறுதான். எனக்கு ஒரே பெருமை. "பாத்தியா பூங்கொடி, இந்த ஊட்டுல யாரு எத்தனை ஓடியாடி வேலை செஞ்சாங்கன்னு மெசினே சொல்லுது"ன்னேன்.

அவ கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்தா. தள்ளித் தள்ளிப் பாத்தா. பாத்துட்டு மெதுவா, "ஏனுங்க, பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க பட்டுச் சட்டைதானே போட்டிருந்தீங்க? இதுல பச்சைக் கட்டம் போட்ட சட்டை போட்டுக்கிட்டு ரசம் ஊத்தறீங்களே?"ன்னா.

பாத்தனுங்க. நானில்லை. நாச்சிமுத்து.

சார், உங்ககிட்டச் சொல்றேன், எனக்கும் அவனுக்கும் முகத்துல ஒரு ஒத்துமையும் கெடையாது. அவன் மூக்கு வேற, என்ற மூக்கு வேற. அவனுக்கு என்னைவிட முடி கம்மி. ஆனா அந்த மெசினுக்குத் தெரீலை. ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னு சேத்தி வெச்சிருச்சு. பிரிக்கலாம்னு பாத்தா ஒவ்வொரு போட்டோவாக் காட்டி, "இவரும் அவரும் ஒருவரா?"ன்னு கேக்குது. இல்லைன்னு அமுத்தோணும். மறுபடி கேக்கும். மறுபடி இல்லைன்னு அமுத்தோணும். கெரகம், உக்காந்து அமுத்திக்கிட்டே இருந்தேன்.

ஏன் பேச்சில்லைன்னு கேக்கறீங்க. சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. ரேணுகா கல்யாணத்துக்கு நானும் எங்கூட்டம்மாவும் அறுநூத்தி நாப்பது ஊட்டுக்கு நேர்ல போயி, தட்டுல வெத்தலை பாக்கு பழம் வெச்சு பத்திரிகை கொடுத்தோம். அறுநூத்தி நாப்பது ஊடுங்க! கடைசியில காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. நாச்சிமுத்து ஊடு மட்டும் பாக்கி. நம்ம தம்பிதானேன்னு அந்தப் பத்திரிகையை வாட்ஸப்புல பிடிஎஃப்பா அனுப்பீட்டேன். கூடப் பொறந்தவனுக்கு எதுக்குங்க தட்டு? அவன் என்ன ஒரம்பரையா, விருந்தாளியா? அவனும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டற படத்தை அனுப்புனான். நான் சந்தோசம்னு நினைச்சேன்.

கல்யாணத்தன்னைக்கு முகூர்த்தத்துக்கு வந்திருந்தான். பாத்தேன், கடைசி வரிசையில நின்னான். அப்பறம் காணோம். மத்தியானம் எங்க பெரியப்பா மகன் வந்து, "உன்ற தம்பி சாப்புடாம வண்டியை எடுத்துக்கிட்டுப் போறான்டா"ன்னு சொல்லீட்டுப் போனாரு. அவ்வளவுதான். சொந்தச் சித்தப்பன், பொண்ணு கல்யாணத்துல கை நனைக்காமப் போனான்னா சபையில என்ற மரியாதை என்னங்க ஆகறது? எனக்குக் கோவம் தலைக்கு மேல ஏறீருச்சு. போன் பண்ணலை. அவனும் பண்ணலை. அவனுக்குத் தட்டு வெக்கலைன்னு கோவமாமா. நாலு பேரு வந்து சொன்னாங்க. "ஊருக்கெல்லாம் தட்டு, எனக்குப் பிடிஎஃப்பா?"ன்னு கேட்டானாமா. அப்பறம் அவன் ஊடு கட்டிக் குடி போனப்ப எனக்கு என்ன அனுப்புனான் தெரீமுங்களா? பிடிஎஃப்! அதே மாதிரி, ஒரு வார்த்தை எழுதாம. நான் போவேனா? கட்டைவிரலை அனுப்பீட்டு கம்முனு இருந்துட்டேன்.

இப்படித்தானுங்க ஏழு வருசம்.

இப்ப மெசினு அவனை எடுத்து எடுத்துக் காட்டுது. நான் இல்லை, இல்லைன்னு அமுத்தறேன். அமுத்த அமுத்த என்னமோ இடிக்குது. போட்டோவுல நேரம் போட்டிருக்குமல்லங்க? ஏழரை மணிக்குப் பந்தியில எலை போடறான். ஒம்பதுக்கு இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டு சாம்பார் வாளியோட ஓடறான். பத்தரைக்கு யாரோ பெரியவரைக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து உக்கார வெக்கறான். பன்னண்டேகாலுக்கு, கேளுங்க, பன்னண்டேகாலுக்கு மண்டபத்து வாசல்ல வண்டியில வந்து எறங்கறான். முன்னால ஒரு கேன், பின்னால ஒரு கேன். தயிருங்க சார். தயிர் பத்தாமப் போயிருக்குது. நான் பால்காரன், என்ற பொண்ணு கல்யாணத்துல தயிர் பத்தலைங்கற விசயம் எனக்கே தெரியாது! அதுக்கு வண்டியை எடுத்துக்கிட்டு அவன் போனதைத்தான் அந்த மனுசன் பாத்துட்டு வந்து, சாப்புடாமப் போறான்னு பத்த வெச்சிருக்காரு.

தொண்ணூத்தி நாலு போட்டோ. உக்காந்து அத்தனையும் பாத்தேன். பரீட்சை பண்ணுனேன்னே வெச்சுக்குங்க. கடைசி போட்டோ மூணு இருபதுக்கு. டேபிளையெல்லாம் மடக்கியாச்சு. அண்டாவைக் கவுத்துப் போட்டு அதும்மேல உக்காந்து ஒரு டம்ளர்ல தண்ணி குடிக்கறான். ஒம்பது பந்திங்க. ஒம்பது பந்திக்கும் பரிமாறியிருக்கான். ஒரு போட்டோவுலயாச்சும் அவன் முன்னால எலை இருக்குதான்னு தேடித் தேடிப் பாத்தேன். இல்லை.

நான் மேடையில நின்னுக்கிட்டிருந்தேன், அது நெசந்தான். வர்றவங்களையெல்லாம் சாப்புட்டுப் போங்க, சாப்புட்டுப் போங்கன்னு கும்புட்டுக்கிட்டு இருந்தேன். ஆயிரம் பேருகிட்டச் சொல்லியிருப்பேன். அவன்கிட்டச் சொல்லலை. அவன் சாப்புடலைன்னு ஏழு வருசம் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, வாடா சாப்புடலாம்னு நான் ஒரு வார்த்தை கூப்புட்டனா? அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலைங்க. எங்கூட்டம்மா கேட்டா, வயிறு சரியில்லைன்னு சொல்லீட்டேன்.

இருந்தாலும் தப்பு அவன் மேலதான் சார். "அண்ணா, நான் இங்க பந்தியில இருக்கறேன்"னு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல? ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. சொல்லியிருக்கலாமல்ல? என்ன, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?

சேரி, பொட்டி விசயத்துக்கு வாறேன். அதுதானே முக்கியம். அடுத்த தடவை கோகிலவாணி கடைக்குப் போனப்ப, "எல்லாம் பத்திரமா இருக்குதுங்க, ரெண்டு டிஸ்க்குலயும் ஒரே மாதிரி இருக்குது, ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்"னு பெருமையாச் சொன்னேன். அந்தம்மா என்ன கேட்டாங்க தெரீமுங்களா? "ரெண்டு டிஸ்க்கும் எங்க இருக்குது?" "பொட்டிக்குள்ள." "பொட்டி எங்க இருக்குது?" "ஊட்டுக்குள்ள." "ஊட்டு மேல இடி விழுந்தா?" அதோட விடலை அந்தம்மா. "தெரியாம ஒரு போட்டோவை அழிச்சீங்கன்னா ரெண்டு டிஸ்க்குலயும் சேந்துதான் அழியும். அதுக்குப் பேரு நகலே இல்லை. நகல் மூணு இருக்கோணும். அதுல ஒண்ணு வேற ஊட்டுல இருக்கோணும்"ன்னாங்க. முன்னாலயே சொல்லியிருக்கலாமல்லன்னு கேட்டேன். "பதினாலு தடவை வந்தீங்க, ஒரு தடவையாச்சும் என்னைப் பேச விட்டீங்களா?"ங்கறாங்க.

அந்தம்மா மீட்டுக் கொடுத்தது பீரோவுல ஒண்ணு, பொட்டி ஒண்ணு, ஆக மூணாவது நகல் வேற ஊட்டுல இருக்கோணும். யாரு ஊட்டுல வெக்கறது? மறுபடி நோட்டை எடுத்தேன். பொண்ணு ஊட்டுல வெக்கலாம்னா, அவ வாடகை ஊடு, பதினோரு மாசத்துக்கொருக்கா மாறுவா, அலைச்சல்ல டிஸ்க் செத்துப்போகும். அவளுக்கு ஒரு மைனஸ். எங்கூட்டம்மாவோட அண்ணன் நல்ல மனுசன், ஆனா அவரு ஊட்டுல வேலை செய்யற பிளக்கு ஒண்ணுதான், அதுல எப்பவும் அவரு போன் இருக்கும். மைனஸ். சொசைட்டி ஸ்நேகிதரு ஒருத்தரு ஊருக்குப் போறப்பெல்லாம் மெயின் சுவிச்சை அணைச்சுட்டுப் போறவரு. மைனஸ்.

அப்பறம் என்னென்ன வேணும்னு எழுதுனேன். சொந்த ஊடா இருக்கோணும். இன்வெர்ட்டரு இருக்கோணும். நல்ல நெட்டு இருக்கோணும். நம்ம பொருளை நோண்டிப் பாக்காத ஆளா இருக்கோணும். எத்தனை கோவம் வந்தாலும் தூக்கி வீதியில வீசாத ஆளா இருக்கோணும். எழுதீட்டு, பேரு போடற எடத்தைக் காலியா விட்டுட்டுத் தூங்கீட்டேன். காலையில பாக்கறேன், எங்கூட்டம்மா கையெழுத்துல எழுதியிருக்குது. நாச்சிமுத்து.

"அவன் ஊட்டுல இன்வெர்ட்டர் இருக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"னேன். "கேள்விப்பட்டேன்"ங்கறா. நெட்டு நல்லா வருமான்னேன். "மழை பேஞ்சாக்கூட நிக்காதாமா"ங்கறா. ஹால்ல எந்தப் பக்கம் பிளக்கு இருக்குதுங்கற வரைக்கும் சொல்றா சார்! பொம்பளைகளுக்கு எங்கிருந்துதான் சேதி வருதோ. தினமும் பதினோரு மணிக்கு யாருகிட்டயோ அரை மணி நேரம் பேசுவா, அவங்க அக்காகிட்டன்னு நினைக்கறேன். நான் அதையெல்லாம் கேட்டுக்கறதில்லை.

நோட்டுல பாத்தா மார்க்கு அவனுக்குத்தான் வருது. நான் என்ன பண்றது? மார்க்கு வந்தா வந்ததுதான், அங்க சொந்தப் பகையைப் பாக்கக்கூடாது. இதே மாதிரி இன்னொரு பொட்டி வாங்கி, அத்தனையும் நகல் எடுத்து, பாஸ்வேர்டுல பூட்டுப் போட்டு எடுத்துக்கிட்டேன். அவன் ஊட்டுல ஒயரைச் சொருகிட்டா, பெருந்துறையில புதுசா என்ன சேந்தாலும் தன்னால இங்கயும் வந்து சேந்துக்கும். பூட்டோட சாவி எங்கிட்ட. அவன் பாக்க முடியாது. அந்தத் தொண்ணூத்தி நாலை மட்டும் பூட்டு இல்லாம தனியாப் போட்டிருக்கேன். அது அவன் போட்டோதானே, அவனுக்கும் ஒரு நகல் இருக்கட்டும். அதுவும் டெக்னிக்கலான விசயந்தானுங்க.

பையில என்னவா? வெத்தலை பாக்குங்க. ஆமா, தட்டும் இருக்குது. பழம், தேங்காய், பூவு. எங்கூட்டம்மாதான் வெச்சு விட்டா. புது ஊட்டுக்கு வெறுங்கையோட போகக்கூடாதில்லைங்க? "நீயும் வாடி"ன்னேன். "தட்டை எடுத்துக்கிட்டு நீங்க தனியாத்தான் போகோணும்"னுட்டா. பயமா இருக்குது சார், உள்ளதைச் சொல்லீர்றேன். அவன் கதவைத் திறந்துட்டு, என்னன்னு கேட்டான்னா, என்னத்தைச் சொல்றது? எழுதி வெச்சிருக்கேன் நோட்டுல. முதல்ல பொட்டியைப் பத்தி. அப்பறம் நெட்டு வேகத்தைப் பத்தி. பிடிஎஃப் பேச்சை எடுத்தான்னா அதுக்கும் மூணு பதிலு இருக்குது. ஒரே நேரத்துல மூணையும் சொல்லலாம், ஒவ்வொண்ணாவும் சொல்லலாம். கதவையே திறக்கலைன்னா என்ன பண்றதுன்னுதான் எழுதலை. அடுத்த பஸ்ஸுன்னு சொன்னனல்ல. அது சும்மா சொன்னதுங்க. அவன் ஊட்டு வாசல்லயே உக்காந்துக்குவேன். வேற எங்க போறது?

பல்லடம் தாண்டியாச்சா? இன்னும் ஒரு மணி நேரம் இருக்குமா?

இருங்க, போனு. சித்த இதைப் புடிங்க. இல்லை, வேண்டாம், நானே புடிச்சுக்கறேன். யாரு இது… அட சாமி. அவன் நம்பருங்க. பேரைப் போன்ல இருந்து எடுத்துட்டேன், நம்பரு மனப்பாடம். எடுக்கட்டுமா? எடுக்கறேன்.

அலோ.

ஆமா. நாந்தான்.

பஸ்ஸுலதான். பல்லடம் தாண்டீட்டேன். உனக்கு யாரு சொன்னா? … ஓ. தினமுமா? … சேரி, அவளை ஊட்டுக்குப் போயிக் கேட்டுக்கறேன்.

ஆமா, கையிலதான் வெச்சிருக்கேன். … நீ எதுக்கு பஸ் ஸ்டாண்டுக்கு? நானே ஆட்டோ புடிச்சு… சேரி. சேரி, வா.

ம்?

…

இல்லை.

இல்லைடா. இன்னும் இல்லை. … சேரி, நீயும் சாப்புடாம இரு. நான் வந்தர்றேன். சேந்து உக்காருவோம். வெய்யி.

ஒண்ணுமில்லை சார், ஜன்னல்ல தூசி. அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் சாத்துங்க. ஆமா, சாத்தித்தான் இருக்குது. சேரி, விடுங்க.

பொட்டியைப் பத்தி அவன் ஒண்ணுமே கேக்கலீங்க. தட்டைப் பத்தியும் கேக்கலை. ஏழு வருசம் கழிச்சுப் பேசறான், நான் எழுதி வெச்சிருந்த ஒரு பதிலுக்குக்கூட வேலையில்லாமப் போச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். "சாப்ட்டீங்களாண்ணா?"ன்னான்.

நான் இல்லைன்னு சொல்லீட்டேனுங்க.

திருப்பூர்ல பஸ்ஸு நின்னப்ப ஒரு பொட்டலம் தக்காளிச் சோறும் ரெண்டு உளுந்து வடையும் உங்க கண்ணு முன்னாலதான் தின்னேன், தெரியும். வயித்துல ஊசி போகக்கூட எடமில்லை. இருந்தாலும் எலை போட்டு உக்காருவேன் சார், ரசம் வரைக்கும் வாங்கிச் சாப்புடுவேன், தயிரும் ஊத்திக்குவேன். அவன் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றானாமா. நீங்களும் அங்கதானே எறங்கறீங்க, ஆளைப் பாத்தீங்கன்னா ஒரு வணக்கம் சொல்லுங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க. அந்த வடையைப் பத்தி மட்டும் வாயைத் திறந்துராதீங்க.